கணவரின் கோப்பில் ஒரு பெயர்: எச்-4 விசாவும் தனிப் பயணமும்

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கும், 21 வயது நிறையாத, மணமாகாத பிள்ளைகளுக்கும் வழங்கப்படுவது எச்-4 விசா. பேச்சு வழக்கில் டிபென்டன்ட் விசா. சட்டத்தில் ஆண், பெண் என்ற பாகுபாடு இல்லை. ஆனால் இந்த விசாவில் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மனைவியர். அவர்களிலும் பெரும்பாலோர் இந்தியப் பெண்கள். 1952ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் தற்காலிக வேலைக்கு வருவோருக்காக எச் வகையை உருவாக்கியபோது குடும்பத்தாருக்கு அதில் தனி இடம் தரவில்லை. 1970 ஏப்ரலில் வந்த திருத்தமே அவர்களைச் சேர்த்தது. வேலைக்கு வருபவரோடு கூடவே வருகிறவர்கள், பிறகு வந்து சேர்கிறவர்கள் என இரு சாராரையும் அது குறிப்பிட்டது. 1990இன் சட்டம் எச்-1பி என்ற இன்றைய பிரிவை ஆண்டுக்கு 65,000 என்ற வரம்போடு கொண்டுவந்தது. அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கென மேலும் 20,000 இடங்களை 2004இன் சட்டம் சேர்த்தது. குடும்பத்தாருக்கு இப்படி எண்ணிக்கை வரம்பு எதுவும் கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக மணமாகிப் போகும் பெண்களில் பலர் பிறகு போய்ச் சேர்கிறவர்கள்தான். காரணம் எளியது. மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் விடுப்பு மூன்று அல்லது நான்கு வாரம். நிச்சயம், கல்யாணம், குலதெய்வம் கோயில், மறுவீடு, விருந்து எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். விசா நேர்காணலுக்குத் தேதி கிடைப்பது அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. அவர் கிளம்பிவிடுகிறார், பெண் பிறந்த வீட்டிலோ மாமியார் வீட்டிலோ இருந்தபடி விசா ஸ்டாம்பிங்குக்குக் காத்திருக்கிறாள். விசா வந்ததும், பல நேரங்களில் வாழ்க்கையின் முதல் விமானப் பயணமாக, தனியாகப் புறப்படுகிறாள்.

எச்-1பிக்கு முதலில் அமெரிக்க நிறுவனம் குடியேற்றத் துறையிடம் மனுச் செய்து ஒப்புதல் பெற வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மனைவிக்காக அப்படி யாரும் மனுச் செய்வதில்லை. கணவருக்கு வந்த ஐ-797 என்ற ஒப்புதல் அறிவிப்பின் நகலைக் காட்டி, அவள் நேரடியாகத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்கிறாள். நடைமுறை சுலபம்தான். ஆனால் விசாவின் உயிர் இன்னொருவர் கோப்பில் இருக்கிறது என்பதும் அதன் பொருள். கணவரின் ஒப்புதல் எந்தத் தேதி வரையோ அதற்கு மேல் மனைவியின் விசா நீளாது. அவர் அமெரிக்காவுக்குள் போகாமல் இவள் முந்திப் போகவும் முடியாது. விசாத் தாளிலேயே கணவரின் பெயர் குறிப்பாக அச்சிடப்படுவது வழக்கம். எல்லாத் தாள்களும் கணவரைச் சுற்றியே இருக்க, அவற்றைத் தூக்கிக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் மட்டும் மனைவி. தனிப் பயணத்தில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த முரணிலிருந்தே பிறக்கின்றன.

முதல் தாள் திருமணப் பதிவுச் சான்றிதழ். கல்யாண மண்டப ரசீதும் கோயில் சான்றும் பத்திரிகையும் துணைச் சான்றுகளாக மட்டுமே நிற்கும். எல்லாத் திருமணங்களையும் மத வேறுபாடின்றிப் பதிவு செய்ய வேண்டும் என 2006இல் உச்ச நீதிமன்றம் சீமா வழக்கில் சொன்னது. அதை ஒட்டித் தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் வந்தது. மணநாளிலிருந்து 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. வெளிநாட்டு மாப்பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்த 90 நாள் கணக்கு உதவாது. சார்பதிவாளர் முன் இருவரும் கையெழுத்திட வேண்டியிருப்பதால், அவர் விமானம் ஏறுவதற்குள் பதிவு முடிந்தால்தான் உண்டு. தாலி கட்டிய இரண்டாம் நாளே பதிவு அலுவலகத்தில் புதுமணத் தம்பதியைப் பார்க்க முடிவது இதனால்தான். சான்றிதழில் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

பெயர் விஷயம் தமிழர்களுக்கே உரிய தலைவலி. தமிழ்நாட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பெயரும் தகப்பனார் பெயரின் தலைப்பெழுத்தும்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் இயற்பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய்விடும். இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்ற மூன்றெழுத்துக் குறி ஏறும். மீனாட்சி என்ற பெண் அமெரிக்கப் பதிவேடுகளில் ‘எஃப்என்யூ மீனாட்சி’ ஆகிவிடுகிறாள். விமானச் சீட்டில் ஒரு விதமாகவும், விசாவில் ஒரு விதமாகவும், பின்னாளில் ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு விதமாகவும் பெயர் நின்றால் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே தகப்பனார் பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகப் பிரித்துப் பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்வதே பின்னால் வரும் அலைச்சலைத் தவிர்க்கும் வழி. கணவர் பெயரைச் சேர்ப்பது கட்டாயமில்லை. மணமான பின் பழைய பெயரிலேயே பாஸ்போர்ட் இருந்தாலும் எச்-4 கிடைக்கும்; திருமணச் சான்றிதழ் உறவைக் காட்டிவிடும்.

டிஎஸ்-160 என்ற இணையப் படிவத்தை நிரப்பி, கட்டணம் செலுத்தி, இரண்டு தேதிகள் பெற வேண்டும். விசா விண்ணப்ப மையத்தில் புகைப்படமும் கைரேகையும் ஒரு நாள். துணைத் தூதரகத்தில் நேர்காணல் மற்றொரு நாள். எச் வகைக்கான கட்டணம் 2023 ஜூன் முதல் 205 டாலர். சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகம் எச் வகை விசாக்களையும், நிறுவனத்துக்குள் இடமாற்றம் பெறுவோருக்கான எல் வகை விசாக்களையும் கையாள்வதில் உலகின் பெரிய அலுவலகங்களுள் ஒன்று. சுற்றுலா விசாவுக்குப் போகிறவர் தாம் ஊர் திரும்பிவிடுவோம் என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டும். எச்-1பி ஊழியருக்கும் அவர் மனைவிக்கும் அந்தச் சுமை இல்லை. ஆகவே சொத்துப் பத்திரமும் வங்கிக் கணக்கும் இங்கே பெரிதாகப் பேசப்படுவதில்லை. கேள்வி உறவைப் பற்றியது. கல்யாணம் எப்போது, எங்கே. பெரியவர்கள் பார்த்ததா, தாங்களே பார்த்ததா. கணவர் எந்த நிறுவனத்தில், எந்த ஊரில், என்ன வேலை. எத்தனை நாள் சேர்ந்து இருந்தீர்கள். ஆல்பத்திலிருந்து சில படங்களைக் கொண்டுபோவது வழக்கம். கணவரின் வேலை பற்றிய கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சம்பளம் தருவது ஒரு நிறுவனமாகவும் உட்கார்ந்து வேலை பார்ப்பது வாடிக்கையாளர் நிறுவனமாகவும் இருப்பது மென்பொருள் துறையில் சகஜம். எது யாருடையது என்று மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூடுதல் தாள் வேண்டும் என்றால் 221(ஜி) என்ற சீட்டைத் தருவார்கள். அது சட்டக் கணக்கில் தற்காலிக மறுப்பு. கேட்டதைக் கொடுத்ததும் கோப்பு மீண்டும் நகரும். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளும் ஆராயப்படுகின்றன. அவற்றை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். அந்த மாதத்தில் இந்தியாவில் நேர்காணல் தேதிகள் பல மாதங்கள் தள்ளிப்போனதற்கு இதுவே காரணம்.

பயணத்துக்கான பெட்டியில் என்ன வைப்பது என்பதை வீடே கூடித் தீர்மானிக்கும். கைப்பையில் என்ன வைப்பது என்பதை யாரும் பேசுவதில்லை. திருமணச் சான்றிதழின் மூலம், கணவரின் ஐ-797 நகல், அண்மைய சம்பளச் சீட்டுகள், வேலைச் சான்றுக் கடிதம், அவருடைய பாஸ்போர்ட், விசா நகல்கள், போய்ச் சேரும் வீட்டு முகவரி, அவர் தொலைபேசி எண் ஆகியவை கைபேசியில் மட்டுமின்றித் தாளிலும் கையோடு இருக்க வேண்டும். இறங்கும் இடத்தில் கைபேசி இணைப்பு இல்லாமல் போவது வெகு சாதாரணம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் ஓராண்டுக்கான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் ஊரில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

பெட்டியைப் பற்றியும் சில விதிகள் உண்டு. பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்காவில் தடை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் காயவைக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும் என்பதால் இந்தத் தடை. கப்ரா வண்டுக்கு அஞ்சி 2011 முதல் இந்தியாவிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருவதும் கூடாது. அம்மா கட்டித் தரும் பொன்னி அரிசியும் கறிவேப்பிலைக் கட்டும் விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குப் போகும். உணவுப் பொருளைச் சொல்லாமல் மறைத்தால் முதல் முறையே 1,000 டாலர் வரை அபராதம் வரலாம். சொல்லிவிட்டால் பொருள் மட்டுமே போகும். 2018 முதல் 350 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட பொடிகளைக் கைப்பையில் கொண்டுபோவதும் சிக்கல். சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி எல்லாம் செக்-இன் பெட்டிக்கே உரியவை.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் இல்லை. துபாய், தோஹா, அபுதாபி, லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஏதாவது ஓரிடத்தில் மாற வேண்டும். தனியாக முதன்முறை போகிறவர்களுக்கு ஒரே சீட்டில், ஒரே நிறுவனத்தின் அல்லது கூட்டு நிறுவனங்களின் விமானங்களில், மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கும்படி பதிவு செய்வது நல்லது. தனித்தனியாக வாங்கிய மலிவுச் சீட்டுகளில் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை. அபுதாபி வழியில் ஒரு தனித்தன்மை உண்டு. 2014 முதல் அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அங்கேயே முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணியைப் போல வெளியே வரலாம். மற்ற வழிகளில், அமெரிக்காவில் கால் வைக்கும் முதல் விமான நிலையத்திலேயே குடியேற்றச் சோதனை நடக்கும். அங்கிருந்து இன்னொரு ஊருக்கு விமானம் இருந்தாலும் பெட்டிகளை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். சென்னையில் கடைசி ஊர் வரை சீட்டு ஒட்டிவிட்டார்களே என்று பெட்டியை எடுக்காமல் போனால், அது முதல் ஊரிலேயே நின்றுவிடும்.

குடியேற்ற அதிகாரியின் மேசையில் கணவர் கூட இருக்க முடியாது. அவர் வெளியே வருகைக் கூடத்தில் நிற்கிறார். கைரேகையும் படமும் எடுத்தபின் கேட்கப்படுவது பெரும்பாலும் மூன்று நான்கு கேள்விகளே. சந்தேகம் வந்தால் இரண்டாம் கட்ட விசாரணை அறைக்கு அனுப்புவார்கள். அது கைது அல்ல. கணவரைத் தொலைபேசியில் அழைத்து விவரம் கேட்டு அனுப்பிவிடுவதும் உண்டு.

விசா என்பது வாசல் வரை வர அனுமதி மட்டுமே. உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற பதிவு. விமானத்தில் வருவோருக்கு 2013 முதல் இது தாளாகத் தரப்படுவதில்லை; சுங்க, எல்லைக் காவல் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணை இட்டுப் பார்க்க வேண்டும். வந்திறங்கிய ஒன்றிரண்டு நாளில் அதைப் பதிவிறக்கிப் பார்ப்பது முக்கியம். கணவரின் ஒப்புதல் 2028 வரை இருந்தாலும் மனைவியின் பாஸ்போர்ட் 2027இல் முடிகிறது என்றால், ஐ-94 பாஸ்போர்ட் முடியும் நாளோடு நின்றுவிடும். விசாத் தாளில் உள்ள பிந்திய தேதியை நம்பி அதைக் கவனிக்காதவர்கள் தெரியாமலேயே சட்ட மீறலுக்குள் போகிறார்கள். அனுமதி தீர்ந்தபின் 180 நாளுக்கு மேல் தங்கி வெளியேறினால் மூன்றாண்டும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் பத்தாண்டும் மறுநுழைவுக்குத் தடை வரும்.

மூன்றாண்டு முடிந்து நிறுவனம் கணவரின் எச்-1பியை நீட்டிக்கும்போதும் இதே பள்ளம் காத்திருக்கிறது. அவருக்கு வந்த நீட்டிப்பு மனைவிக்குத் தானாக வராது. ஐ-539 என்ற தனி மனு போட வேண்டும். சில நிறுவன வழக்கறிஞர்கள் அதையும் சேர்த்தே செய்கிறார்கள்; சிலர் ஊழியரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மனைவியின் கோப்பு நிறுவனத்தின் பொறுப்பு அல்ல என்பதைத் தம்பதியர் தாமதமாகவே உணர்கிறார்கள்.

வேலை அனுமதி இல்லாத எச்-4 பெண்ணுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கிடையாது. அமெரிக்காவில் கைபேசி இணைப்பு முதல் வாடகை ஒப்பந்தம் வரை எல்லாவற்றிலும் கேட்கப்படும் எண் அது. கூட்டு வருமான வரிக் கணக்குக்காக ஐடின் என்ற வேறொரு எண்ணை வாங்கலாம். அது வரிக்கு மட்டுமே. ஓட்டுநர் உரிமத்துக்குப் போனால் பல மாநிலங்களில், அந்த எண் தர இயலாது என்று சமூகப் பாதுகாப்பு அலுவலகம் எழுதிய கடிதத்தைக் காட்ட வேண்டும். தகுதி இல்லை என்பதற்கே ஒரு சான்று வாங்க வேண்டியிருக்கிறது. உரிமமும் பெரும்பாலும் ஐ-94 முடியும் நாள் வரைதான். காரில்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாத புறநகர்களில் இந்த உரிமமே முதல் விடுதலை.

வேலைதான் எச்-4இன் மையப் பிரச்சினை. 1970 முதல் 2015 வரை இந்த விசாவில் வேலை செய்யவே முடியாமல் இருந்தது. பொறியியலும் எம்பிஏவும் படித்து, ஊரில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் விமானம் ஏறிய நாளிலிருந்து சம்பாதிக்க உரிமை இல்லாதவர்கள் ஆனார்கள். மும்பையில் வேலையை விட்டு எச்-4இல் சென்ற மேக்னா தமானி 2007இல் எடுத்த ‘ஹார்ட்ஸ் சஸ்பென்டட்’ என்ற ஆவணப்படம் இதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. ஏமி பட் 2018இல் வெளியிட்ட ‘ஹை-டெக் ஹவுஸ்வைவ்ஸ்’ இந்திய மென்பொருள் குடும்பங்களை அமெரிக்காவிலும் இந்தியாவிலும் பின்தொடர்ந்த ஆய்வு. பல்லவி பானர்ஜி 2022இல் வெளியிட்ட ‘தி ஆப்பர்ச்சூனிட்டி டிராப்’ மென்பொருள் ஊழியரின் மனைவியரோடு, செவிலியராகப் போன பெண்களைச் சார்ந்து வந்த கணவன்மாரையும் ஆராய்ந்தது. பின்னதே கூடுதல் வெளிச்சம் தருகிறது. மனைவி சம்பாதிக்க, கணவன் சார்பாளனாக வீட்டில் இருக்கும்போதுதான், இந்த விசா குடும்பத்துக்குள் எதை எடுத்துக்கொள்கிறது என்பது மறைவின்றித் தெரிகிறது. மனைவி வீட்டில் இருந்தால் அதை வழக்கம் என்று சொல்லிவிடலாம்.

2015 மே 26 அன்று ஒபாமா அரசின் விதி நடைமுறைக்கு வந்தது. கணவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஒப்புதல் பெற்றிருந்தாலோ, ஆறாண்டு வரம்பைத் தாண்டி அவர் எச்-1பி நீட்டிக்கப்பட்டிருந்தாலோ மனைவி வேலை அனுமதி அட்டை பெறலாம். புதிதாகக் கல்யாணமாகிப் போகிறவர்களில் பலருக்கு இது உடனே கிடைக்காது; கணவரின் நிறுவனம் கிரீன் கார்டு வேலையைத் தொடங்கினால்தான் வழி. 2017 இறுதிக்குள் முதல்முறை அனுமதி பெற்றவர்கள் சுமார் 91,000 பேர். அவர்களில் 93 சதவீதம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள்; பெண்களும் அதே 93 சதவீதம். வேலை இழந்த அமெரிக்கக் கணினி ஊழியர்களின் சேவ் ஜாப்ஸ் யூஎஸ்ஏ என்ற அமைப்பு, விதி நடைமுறைக்கு வருமுன்பே வழக்குத் தொடுத்தது. டிரம்பின் முதல் ஆட்சி விதியை நீக்கப்போவதாக அறிவித்து, நீக்காமலே முடிந்தது. 2023இல் மாவட்ட நீதிமன்றமும் 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் விதியை உறுதி செய்தன. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. அதே மாதம் 30ஆம் தேதி முதல், புதுப்பிக்க மனுப் போட்டவர்களுக்கு இருந்த தானியங்கி நீட்டிப்பு எடுக்கப்பட்டது. புதிய அட்டை வருவதற்குள் பழையது காலாவதியானால் வேலையை நிறுத்தியே ஆக வேண்டும்.

ஒரு நாட்டுக்குள்ளேயே விதி எவ்வளவு வேறுபடும் என்பதற்கு எல்-2 சான்று. நிறுவனத்துக்குள் இடமாற்றம் பெற்று எல்-1இல் வருபவரின் மனைவிக்கு 2002 முதல் வேலை அனுமதி உண்டு. 2021 நவம்பருக்குப் பிறகு தனி அட்டைகூடத் தேவையில்லை. ஒரே அடுக்ககத்தில் ஒரே படிப்புப் படித்த இரு பெண்கள், ஒருத்தி வேலைக்குப் போக மற்றவள் காத்திருப்பது கணவர்களின் விசா எழுத்து வேறு என்பதால் மட்டுமே. பிற நாடுகளிலும் ஒரே போக்கு இல்லை. ஜெர்மனியில் மனைவி பொதுவாகத் தொடக்கநிலை ஜெர்மன் மொழிச் சான்று காட்ட வேண்டும், போனபின் வேலை செய்யலாம். ப்ளூ கார்டு என்ற உயர்தகுதி வேலை அனுமதி வைத்திருப்பவரின் மனைவிக்கு மொழிச் சான்றும் வேண்டாம். சிங்கப்பூரில் மனைவியை அழைத்துக்கொள்ளக் கணவரின் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலராவது இருக்க வேண்டும். 2021 மே முதல் அவள் வேலை பார்க்கத் தனி வேலை அனுமதி தேவை. பிரிட்டன் வேலை உரிமையைத் தருகிறது. ஆனால் 2024 மார்ச் முதல் பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைத்துவருவதையே நிறுத்திவிட்டது.

வேலை அனுமதி இல்லாத எச்-4 பெண் படிக்கலாம். முழுநேரப் பட்டப்படிப்பில் சேரத் தடையில்லை. சம்பளம் இல்லாத தொண்டும் செய்யலாம், ஆனால் அது வழக்கமாகக் கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலையாக இருக்கக் கூடாது. அமெரிக்காவெங்கும் வார இறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளிகள் தன்னார்வலர்களின் உழைப்பில் நிற்பவை. சம்பாதிக்க முடியாத படித்த பெண்களின் ஆற்றலுக்கு அங்கே இடம் கிடைத்தது. இந்திய நிறுவனத்துக்கே அங்கிருந்து இணையம் வழி வேலை பார்க்கலாமா என்ற கேள்வியில் குடியேற்ற வழக்கறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கேட்காமல் தொடர்வது ஆபத்து.

கணவர் வேலை இழந்தால் 2017இன் விதிப்படி அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் புதிய நிறுவனம் மனுப் போடவில்லை என்றால் இருவரும் கிளம்ப வேண்டும். விவாகரத்து ஆணை வந்த நாளில் மனைவியின் எச்-4 தகுதி முடிகிறது. கொடுமை நடக்கும் வீட்டில் இதுவே ஆயுதம் ஆகிறது. ‘விசாவை ரத்து செய்துவிடுவேன்’ என்ற மிரட்டல் வெறும் வார்த்தை அல்ல. எச்-1பி உள்ளிட்ட சில வகையினரைச் சார்ந்து வந்தவர்களின் நிலை கருதி, கொடுமைக்கு ஆளான மனைவி தனியே வேலை அனுமதி கேட்க 2005ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம் உண்டாக்கப்பட்டது; எல் வகைக்கு அது பொருந்தாது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரப் பத்தாண்டு ஆனது. ஐ-765வி என்ற படிவத்தில் கணவருக்குத் தெரியாமல் விண்ணப்பிக்கலாம். இந்தியப் பக்கத்தில், வெளிநாடுவாழ் இந்தியர் திருமணப் புகார்களைத் தேசிய மகளிர் ஆணையத்தின் தனிப் பிரிவு 2009 முதல் பெறுகிறது. பாஸ்போர்ட்டும் திருமணச் சான்றிதழும் அவள் கையில் இருந்தால்தான் இவற்றில் எதையும் தொடங்க முடியும். மூலத் தாள்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கணவரின் ஐ-797 உட்பட எல்லாவற்றின் நகல்களையும் பிறந்த வீட்டிலும் ஒரு தொகுதி வைத்துப் போவது, நல்ல குடும்பங்களிலும் செய்யத்தக்கதே.

சார்பு நிலை முடிவது கிரீன் கார்டில். கணவரின் மனுவோடு சேர்ந்தே மனைவிக்கும் கிடைக்கும் அந்த அட்டை அவள் பெயரில் தனியாக நிற்கும். அதன்பின் அவர் வேலை போனாலும் மணம் முறிந்தாலும் அது போகாது. ஆனால் வேலை அடிப்படையிலான ஆண்டு ஒதுக்கீடு 1,40,000. குடும்பத்தாரும் அந்த எண்ணுக்குள்ளேயே அடங்குவர். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் வரம்பு 7 சதவீதம். 2025 ஜூலையில் ஈபி-2 என்ற வேலைப் பிரிவில் இந்தியர்களின் வரிசை, 2013 ஜனவரிக்கு முன் இடம்பிடித்தவர்களை மட்டுமே அழைத்துக்கொண்டிருந்தது. அட்டை வருமுன் மணம் முறிந்தால் மனைவியின் இடம் வரிசையிலிருந்து விழுந்துவிடும். காத்திருப்பதற்குள் 21 வயது கடக்கும் பிள்ளைகள், இந்தியாவில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவர்களே ஆனாலும், எச்-4ஐ இழந்து மாணவர் விசாவுக்கு மாற வேண்டும் அல்லது நாட்டைவிட்டுப் போக வேண்டும்.